மூடி போட்டாலும் எண்ணுகிற கருவி

எக்ஸ்ரே தொலைநோக்கி எதைப் பார்க்கப் போகிறது என்பதை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் போலியாகப் போட்டுக் காட்டுவது எங்கள் தொழில். இதில் நட்சத்திரத்தைப் போடுவது சுலபம், நட்சத்திரமே இல்லாததைப் போடுவதில்தான் ஆயுசு கரைகிறது.

இதே வேலையில் கண் சிவந்தவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சுற்றுகிற கருவி, தன் மேல் விழும் எக்ஸ்ரே கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும். ஆனால் விண்வெளியில் துகள்கள் நாலா பக்கமும் பறந்துகொண்டிருக்கின்றன. அவை வந்து இடித்தாலும், பாவம், கருவி அவற்றையும் கதிர் என்றே எண்ணிக்கொள்ளும். அந்தப் பொய் எண்ணிக்கைக்குக் கருவிப் பின்னணி என்று பெயர். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. கையேடுகளைப் படித்துத் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு, திருத்தணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரியில்தான் டெலிபோன் கட்டணம் குறைவு, டெலிபோன் வழியாக நான் கணக்கை ஓட்டுகிற, சென்னையில் உள்ள அவர்களுடைய பெரிய கம்ப்யூட்டரும் சும்மா இருக்கும். எப்படியும் தூக்கம் வராத ஆளுக்கு இது தோதான வேலை.

மச்சான் பார்த்த படம்

தாமு என் மனைவியின் தம்பி. அரக்கோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். ஒருநாள் காலையில் மாடிக்கு வந்தவன், திரையில் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டான். தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டு எடுத்த பதிவு என்றேன். வெளிச்சம் உள்ளே வராதபோதும் எண்ணுகிறதே, அதுதான் சுத்தமான பின்னணி என்று உற்சாகமாக விளக்கினேன். அவன் என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது படியில் நின்று சொன்னான்: "என் கடையில மூடியைத் தொறக்காம படம் எடுத்தா அடிக்க வருவாங்க. நீ அதுக்காக ராத்திரியெல்லாம் முழிச்சுகினு கீறியே பாவா!"

கழிப்பதை ஏன் சேர்ப்பது

சுமதி ஆர்.கே.பேட்டைப் பெண். அப்பாவுக்கு விசைத்தறி. சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மங்கலான ஒரு விண்மீன் திரளில் இரும்பு வெளியிடும் கதிர், கதிர்களை ஆற்றல்வாரியாக எண்ணிப் போட்ட வரைபடத்தில், அதாவது நிறமாலையில், ஒரு சின்ன மேடாகத் தெரிய வேண்டும். தெரியும் என்று போலி நிறமாலையில் காட்டினால்தான் தொலைநோக்கியில் நேரம் தருவார்கள். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நேரம் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டில் எழுத ஒன்றுமில்லை, படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு தறிச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பின்னணி இல்லாமல் போட்டபோது இரும்பு மேடு கொடிமரம் மாதிரி நின்றது. பின்னணியைச் சேர்க்க இன்னும் சில நாள் ஆகும் என்று அவளுடைய பேராசிரியரிடம் போனில் சொன்னேன். எப்படியும் பதிவிலிருந்து பின்னணியைக் கழித்துவிடுவது வழக்கம் என்பதால் அவருக்குப் பொறுக்கவில்லை. கழித்தால் போவது சராசரிதான் சார், அதன் ஏற்ற இறக்கம் அப்படியே தங்கிவிடும், சின்ன மேடு அதில்தான் முழுகும் என்று நான் மன்றாடியதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கடைசியில கழிக்கத்தானே போறோம்? அதை மெனக்கெட்டு எதுக்குங்க சேர்க்கிறீங்க?"

அழகாக வந்த படம்

சேர்த்தேன். சேர்த்த பிறகும் மேடு நின்றது! இப்படி நடந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் களைத்துப்போனவனுக்கு நல்ல சேதி வந்தால் கிள்ளிப் பார்க்கவா தோன்றும்? சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்த சுமதி படத்தை வாங்கிக்கொண்டு, நேராக மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். விபூதிப் பொட்டலத்தை என் கீபோர்டின் மேல் வைத்தாள்: "எங்க நைனா இதைப் பார்த்தா ஃப்ரேம் போட்டு தறிக்கு மேல மாட்டிடுவாருண்ணா."

படியும் பஸ்ஸும்

மறுநாளே போன் செய்தாள். மூடி போட்ட பதிவில் பின்னணி வலது பக்கம், ஆற்றல் கூடிய இடத்தில், ஏறுகிறது, நம் படத்தில் இறங்குகிறது, ஏன் என்றாள். போனை வைத்துவிட்டு என் கணக்கை முதலிலிருந்து பார்த்தேன்.

எங்கள் மலைக்குப் படியிலும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம். படியேறுகிறவர்களில் சிலர் மூச்சு வாங்கி நடுவிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தொலைநோக்கியின் கண்ணாடி அந்தப் படிக்கட்டு மாதிரி. அந்த வழியாக வரும் கதிர்களில் ஒரு பங்குதான் கருவிக்குப் போய்ச் சேரும், வலது பக்கம் போகப் போக இன்னும் குறையும். பின்னணித் துகள்களோ பஸ்ஸில் வந்தவர்கள். கண்ணாடிப் பக்கமே வராமல் சுவரைத் துளைத்துக்கொண்டு நேரே கருவியில் இறங்குகிறவை. நானோ கண்ணாடியில் குறையும் கணக்கைப் பின்னணிக்கும் போட்டு, பஸ்ஸில் வந்தவர்களுக்கும் மூச்சு வாங்கவைத்திருந்தேன். வலது பக்கம் பின்னணி பொய்யாக அடங்கிப்போனது. சரியாக அந்த இடத்தில்தான் இரும்பு மேடு.

திருத்திப் போட்டோம். மேடு முழுகியது. தெரிய வேண்டுமென்றால் இரண்டு பங்கு நேரம் கேட்க வேண்டும். அதிகம் கேட்பவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். பழைய படத்தையே அனுப்பிவிடலாம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் பேராசிரியர். சுமதி என் மாடியிலிருந்துதான் அவரோடு பேசினாள். இரண்டாவது படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நேரம் குடுத்துட்டாங்க, மேடு வரலைன்னா, அப்ப நான் யாராண்ட போய் நிப்பேன் சார்? ரெண்டு பங்கே கேக்கலாம்."

வந்த படம்

மாதக்கணக்கில் சேதி இல்லை. நான் வேறு யார் யாருக்கோ காலி வானத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தறிக்கே போய்விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்த ராத்திரிகளில் வேலை ஓடாது. ஒருவழியாக நேரம் கிடைத்ததாகச் சொன்னாள். அதன் பிறகும் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்ப நெடுங்காலம் ஆனது. ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. பதிவு வந்துவிட்டதாம். மேடு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே: "ஆங், கீதுண்ணா. குட்டியா, கோணலா, பார்க்கவே சகிக்கல. அச்சு அசல் நாம ரெண்டாவதா போட்ட படம்தான்!"

ஒன்றுமில்லாததை ஒழுங்காக எண்ணியதற்காக என்னை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், அன்றைக்காவது தூக்கம் வரும் என்று மத்தியானமே படுத்தேன், வரவில்லை.