கரண்டுக்கு முறை வைத்தவர்

என் மகன் செல்வம் ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்ததும் காரை வாசலில் நிறுத்தி, சுவர்ப்பெட்டியில் தொங்கும் வயரை அதன் விலாவில் சொருகுவான். ஆனால் கார் கரண்ட் எடுக்காது. சும்மா நிற்கும். மெல்பர்ன் வந்த புதிதில், பெட்டி மாட்டுவதற்கு முன், இந்த ஏற்பாடு எனக்குப் பிடிபடவே இல்லை. சொருகினால் ஏறவேண்டியதுதானே. கேட்டால், "கரண்டு கம்பெனி விடணும்மா" என்றான். காலையில் தெருவே சமைக்கும் நேரமாம். எல்லாக் காரும் சேர்ந்து இழுத்தால் லைன் தாங்காதாம். வெயில் ஏறி, கூரைகளில் பதித்த சோலார் பலகைகள் கரண்டைக் கொட்டும்போது, கம்பெனி எங்கோ இருந்துகொண்டு ஒவ்வொரு காராகத் திறந்துவிடும். அதற்குச் சம்மதிக்கிற வீட்டுக்குச் சுவர்ப்பெட்டியை அவர்களே கொண்டுவந்து மாட்டித் தருகிறார்கள்.

முதலில் செல்வம் சம்மதிக்கவில்லை. "எங் காரு, எம் வீடு. எப்ப ஏறணும்னு எவனோ சொல்றதா?" என்று முறுக்கிக்கொண்டான். பெட்டி மாட்ட வந்த வெள்ளைக்காரப் பையன் பாவம், பொறுமையாக நின்றான். உங்கள் கம்பெனியில் நீர்ப்பாய்ச்சி யார் என்று கேட்கச் சொன்னேன். மகன் அதை எப்படிச் சொன்னானோ, அந்தப் பையன் பதறிப்போய், "நோ வாட்டர், நோ வாட்டர்" என்று பெட்டியைக் கையால் மறைத்தான். மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நான் கேட்டது சரியான கேள்வி.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று முறை வைத்துத் திறந்துவிடுகிறவர்தான் நீர்ப்பாய்ச்சி. கருப்பையா என்று பெயர். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. அவர் மண்வெட்டியை வாய்க்காலுக்குக் குறுக்கே படுக்கப்போட்டால், அவரே எடுக்கிறவரை எவரும் தாண்டி மடை வெட்டமாட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் வரப்பு வரப்பாக நடந்து, "மோட்டார் வைக்க ஆள் சேந்தாத்தான் கம்பம் வரும்" என்று பேசி ஆள் சேர்த்தார்கள். என் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். வெள்ளாமை முழுக்க என் கையில். நானும் என் கிணற்றில் ஒரு மோட்டார் வைத்தேன். கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளுக்கு ஓய்வு. ஆனால் விடிந்ததும் எல்லாரும் ஒன்றாகப் போட, கடைசிக் கம்பத்தில் இருந்த என் மோட்டார் உறுமுமே தவிர ஓடாது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "இப்படி இழுத்தா டிரான்ஸ்பார்மர் போயிரும். புதுசு வார வரைக்கும் யாருக்கும் இல்ல. ஒங்களுக்குள்ளயே மொறை வச்சுக்கங்க" என்றார். முறை என்றதும் ஊரார் திரும்பிப் பார்த்தது கருப்பையாவைத்தான்.

என் நெல் அப்போது கதிர் வெளிவராத பொதியில் இருந்தது. இலை சுருண்டு ஊசியாக நின்றது. அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் பதராகிவிடும். பக்கத்துக் கிணறு என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. அவர் மோட்டார் நின்றால்தான் என்னுடையது ஓடும். அவருடைய முறை முடிந்திருந்தது. கருப்பையா அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அண்ணன் மறுபடி போட வந்துவிட்டார்.

"எங் கெணறு, எம் மோட்டாரு. இதுக்குமாடா மொறை?"

"கெணறு ஒங்களுதுதாங்க. கம்பியில வாரது ஊருதுங்க" என்றார் கருப்பையா. சொல்லிவிட்டு மண்வெட்டியை மோட்டார் ரூம் நிலைப்படிக்குக் குறுக்கே படுக்கப்போட்டார்.

"கரண்டுக்கும் மம்பட்டியாடா? ஷாக்கடிக்கப் போவுது."

"மரப்பிடிதாங்க."

நான் வரப்பில் நின்றேன். கெஞ்சி வாங்கினால் அது முறை ஆகாது. அண்ணன் என்னைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினால் தாண்டிவிடலாம். தூக்கவில்லை. தோள்துண்டை உதறி, "காப்பித்தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

"ஆத்தா, ஒங்க மொறை. போடுங்க" என்றார் கருப்பையா.

போட்டேன். உறுமவில்லை, ஓடியது. கருப்பையா மணி பார்க்கிறவர் இல்லை. தண்ணீரோடு கூடவே நடந்து, அது கடைசி வரப்பைத் தொட்ட பிறகுதான் மண்வெட்டியை எடுக்கப் போனார். சாயங்காலம் இலைகள் விரிந்துவிட்டன. அந்த வருசம் என் குதிர் நிறைந்தது.

இதைச் சொன்னபின் செல்வம் தலையாட்டினான். பெட்டி சுவரில் ஏறியது. இங்கே எல்லாம் ஒழுங்குதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கருப்பையாவிடம் கோபப்படலாம், வெற்றிலை கேட்கலாம், பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொல்லலாம். இந்த முறைகாரருக்கு முகமில்லை. வெயில் இல்லாத மூடாக்கு நாளில் கார் அரைகுறையாக ஏறி நின்றால் யாரைப் போய்ப் பார்ப்பது?

உச்சி வேளையில் மகன் தூங்கும்போது வெளியே பெட்டி 'டக்' என்று தட்டும். எங்கள் முறை. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் "இந்தா வாரேன்" என்று என் வாய் சொல்லிவிடுகிறது. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். எதிர்வீட்டுக்காரி கையசைக்கிறாள். நானும் அசைக்கிறேன். சிமெண்டுத் தரை வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அதன்மேல், செருப்பில்லாத என் கால்விரல்கள் அகல விரிந்து, தண்ணீர் வந்து தொடட்டும் என்று நிற்கின்றன.