மாமா கற்றுவந்த கொட்டாவி

வெறிநாய் கடித்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண் இறந்துபோன பிறகுதான், நாய் பிடிக்க ஓர் ஆளைப் பழக்கி வைத்துக்கொள்வது என்று துரை முடிவு செய்தார். பாண் ரொட்டி வாங்க வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, ரப்பர் பால் வெட்டப் போனால், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து நாய்களில் பாதி அவர் பின்னால் ரப்பர் மரங்களுக்குள் போகும்.

கேகாலைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த மாமா, காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார். கையில் சுருக்குக் கயிறு கட்டிய நீளக் கம்பு. அதை மூலையில் சாத்திவிட்டு, படித்ததை மறக்காமலிருக்க லயத்துப் பிள்ளைகளை எல்லாம் நாயாக்கிவிட்டார். நாங்கள் நான்கு காலில் நின்று உறுமுவோம். அவர் எங்களைப் பார்க்காமல் பக்கவாட்டில் மெல்ல வந்து குந்தி, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விடுவார்.

"என்னா மாமா, தூக்கமா வருது?"

"இல்ல பாப்பா. நாம கொட்டாவி விட்டா, இந்தாளு நம்மள ஒண்ணும் செய்யமாட்டான்னு நாய் நெனைச்சிக்குமாம். அங்க படிப்பிச்ச மாத்தயா சொல்லிக் குடுத்தாரு."

அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்குகிறது. மலையிலிருந்து பனி இறங்கும். அவர் கொட்டாவி எனக்குத் தொற்றும், என்னுடையது அடுத்த பிள்ளைக்கு. உறுமிக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அப்படியே தூங்கிப்போவோம். நிஜ நாய்களும் எங்களுக்கு நடுவே வந்து சுருண்டுகொள்ளும்.

நாய்களை ஏற்றிப்போக லொறி வந்த அன்று கம்புக்கு வேலையே இருக்கவில்லை. மாமா கொட்டாவி விட்டபடி முன்னால் நடந்தார். நாய்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் வாலாட்டிக்கொண்டு பின்னால் போயின. ஒவ்வொன்றையும் அவரே தூக்கி ஏற்றினார். துரை அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். கரவனெல்லைப் பாதையில் லொறி பனிக்குள் மறையும்வரை நாங்கள் கையாட்டினோம். அவை வேறு தோட்டத்துக்குக் குடிபோகின்றன என்று நினைத்திருந்தோம். கொல்வதற்குக் கொண்டுபோகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மாமா சோறு தின்னவில்லை. மறுநாள் கம்பையும் காக்கியையும் கொண்டுபோய் ஒப்படைத்தார். "எனக்கு ஏலாதுங்க தொரை" என்று மட்டும் சொன்னாராம்.

அதன் பிறகு அவர் மாறிப்போனார். மிஞ்சிய நாய்கள் வழக்கம்போல் அவரிடம் ஓடிவரும். அவர் குனிந்து கல்லை எடுப்பார்.

"ஓடு! மனுசன்கிட்ட வராத, ஓடிப்போ!"

கத்தும்போது அவர் குரல் உடைந்துபோகும். வேறோர் ஆளோடு லொறி மறுபடி வந்தபோது, ஆளைக் கண்டதுமே நாய்கள் ரப்பர் மரங்களுக்குள் ஓடி மறைந்தன.

மாமா கெட்டவராகிவிட்டார் என்று நான் அவரோடு பேசுவதை விட்டேன். அவர் எறிந்த கல் ஒன்றுகூட எந்த நாயின் மேலும் படவில்லை என்பதை அந்த வயதில் நான் கவனிக்கவில்லை.