பழைய பெற்றோல் நிலையத்தைத் தாண்டும்போது

பழைமையா, புதுமையா என்னும் தலைப்பில் ஒரே ஆண்டில் இரு அணிகளிலும் நின்று பேசி, இரண்டு முறையும் வென்றவள் நான். ஆகவே, பதினொரு வயதில் என் பெற்றோரின் வழக்குக்கு நடுவராக என்னை நானே நியமித்துக்கொண்டதில் வியப்பில்லை.

வழக்கு இதுதான். அப்பா கிழமைதோறும் எங்கள் வீடிருந்த மல்வேர்னிலிருந்து எல்லை தாண்டி, அமெரிக்காவின் சென் லூயிஸ் வரை ட்ரக் ஓட்டினார். வீட்டில் தங்குவது வாரத்தில் இரண்டே நாள். வீட்டுக்குக் கிட்ட, ஒஷாவாவில் ஒரு களஞ்சியசாலையில் பகல் வேலை இருக்கிறது, அதற்கு மாறவேண்டும் என்பது அம்மாவின் கட்சி. அப்பா மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. "ஒருக்கா என்னோட வந்து பாரும். பிறகு நீர் சொல்லுறபடி செய்யிறன்," என்றார்.

பார்க்கச் சொன்னது அவர் ஓட்டும் பெருஞ்சாலையை அல்ல. அதன் அருகே ஓடும் பழைய அறுபத்தாறாம் இலக்க நெடுஞ்சாலையை. ஒரு காலத்தில் மேற்கு நோக்கிப் போனவர்களெல்லாம் போன பாதை அது. இன்று படம் எடுக்க வருவோரின் பாதை. பெரிய ட்ரக்கை அதில் இறக்க முடியாதாகையால், எட்டு ஆண்டுகளாகத் தூர இருந்தே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

கோடை விடுமுறையில் கட்டுச்சோற்றுடன் காரில் புறப்பட்டோம். சிக்காகோவுக்கு அப்பால் பழைய சாலையில் இறங்கியதும் நான் குறிப்பேட்டைத் திறந்தேன். வெடிப்புகளில் புல் முளைத்த தார்: அப்பாவுக்கு ஒரு புள்ளி குறைவு. மூடிக் கிடந்த விடுதி: இன்னொன்று. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுச் சோளவயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதை யார் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாமல் விட்டேன்.

நாள் முழுதும் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர் விடுமுறையிலும் ஏன் ஓட்டவேண்டும்? கேட்டே விட்டேன்.

"வேலையில ஓடேக்க பாக்க ஏலாது, பிள்ளை," என்றார் அப்பா.

இது வாதமாகாது என்று எழுதிவைத்தேன்.

பிற்பகலில் ஒரு பெற்றோல் நிலையம் வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, எண்ணெய் வராத இரண்டு பம்புகள், முன்னால் உட்கார ஒரு நீள மரவாங்கு. கார் நிற்குமுன்பே அம்மா, "உதுதானோ அது?" என்றார்.

"ஓம்."

எனக்கும் அது செவிவழி தெரிந்த இடந்தான். வியாழன்தோறும் திரும்பி வரும் வழியில் அப்பா அம்மாவைக் கைபேசியில் அழைப்பார்: "பழைய பெற்றோல் செட்டைத் தாண்டுறன்." அம்மா, "சாப்பிட்டீங்களோ?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் வீட்டுக்கதவு திறக்கும்.

அம்மா வாங்கில் அமர்ந்து, வயலுக்கு அப்பால் விரைந்த ட்ரக்குகளைப் பார்த்தார்.

"அங்கயிருந்து இது எவ்வளவு நேரம் தெரியும்?"

"ரெண்டு செக்கன். பிறகு மரம் மறைச்சுப்போடும்."

"ரெண்டு செக்கனுக்கோ எனக்குப் போன் எடுத்தனீங்கள்?"

"பின்ன, எடுக்காட்டி நீர் தேடுவீரெல்லே." அப்பா வாங்கின் மறுமுனையில் அமர்ந்தார். "பாத்தாச்சு. இப்ப சொல்லும்."

தொலைவில் வந்த ட்ரக் ஒன்று மரத்துக்குப் பின்னால் மறையும்வரை அம்மா பார்த்தார். பிறகு, "ஒஷாவாவுக்கு வாங்கோ," என்றார், மிக மெல்ல.

"சரி."

மறுப்புரை இல்லை, தொகுப்புரை இல்லை. இவ்வளவு மோசமாகத் தோற்ற பேச்சாளரை நான் கண்டதில்லை. வெற்றி அம்மாவுக்கு என்று தீர்ப்பெழுதி, கீழே இரட்டைக் கோடும் இழுத்தேன்.

சென் லூயிஸ் வரை போய், மறுநாள் பெருஞ்சாலையால் திரும்பினோம். ஓரிடத்தில் அப்பாவின் கைபேசி காருக்குள் ஒலித்தது. அழைத்தவர், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா.

"பழைய செட்டைத் தாண்டுறம்," என்றார், முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியபடி. குரல் காரின் ஒலிபெருக்கியில் இன்னொரு முறை கேட்டது.

அப்பா வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டீரோ?" என்றார்.

சிவப்புக் கூரை தெரிந்தது, மரம் மறைத்தது. அம்மா கைபேசியை வைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின் கட்சிக்காரர் பேசுவது விதிமீறல் என்று, இரட்டைக் கோட்டின் கீழ் நான் குறித்துக்கொண்டேன்.