பாதியில் அணையும் பாட்டு

எனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னாள் மகள். மற்ற ஒன்பதுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. முதலிடம், நான் கடலுக்குப் போன நாட்களில் எங்கள் விசைப்படகு டிரைவர் போடும் பாட்டுக்கு. கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடக்கும் விடியலில், வலை இறக்கும் இடம் நெருங்கும்போது அதைப் போடுவார். முதல் சரணம் முடிந்ததும் அணைத்துவிடுவார். நாங்கள் சிலுவை போட்டு, மாதாவைக் கூப்பிட்டு வலையை இறக்குவோம். மிச்சப் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை.

“முழுசா கேக்காத பாட்டுக்கா முதலிடம்?” என்று சிரித்தபடி அந்தப் பாட்டைப் போனில் போட்டாள்.

கண்ணை மூடினேன். கட்டில் லேசாக ஆடியது. முதல் சரணம் முடிந்தது. என் கை தானாக நெற்றிக்குப் போனது.

“ஏளா, அத அணை,” என்று அதட்டினேன். “வலை இறக்கணும்.”