அந்தோனிப்பிள்ளையின் கார் ஓடத் தொடங்கியது

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்தோனிப்பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய காரையும் தெரியும். காரென்று சொல்ல நெடுங்காலம் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. குடியிருப்பின் பின்முற்றத்தில் வரிசையாக நிற்கும் கராஜ்களில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கோ கிடந்த பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அதன்மேல் கூரையில்லாத, இரண்டு பேர் இருக்கக்கூடிய கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டப்போவதாகச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்போது அவர் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகள் மட்டும் காருக்கு. வெல்டிங் பழகினார். கோணலாய்ப் போனதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்டினார். அவருடைய மனைவி கொறற்றி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவள். இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தது அவள்தான். நாலு ஊசி முறிந்தது. அதைச் சொல்லிக் காட்டியே அவரிடம் ஒரு பகல் முழுக்கச் சமையல் வேலை வாங்கினாள்.

பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயது ஆளுக்கு வேறு வேலை வாய்க்கவில்லை. "நல்லதாப் போச்சு. கோடைக்குள்ள ரோட்டில விடுறன்" என்றார். வேலைக்குப் போகும் அதே நேரத்துக்கு எழும்பி, பழைய வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு கராஜுக்குப் போனார். மனிசன் முடங்கிப்போகவில்லை என்று கொறற்றி நிம்மதிப்பட்டாள்.

பங்குனியில் எஞ்சின் உயிர்பெற்றது. பக்கத்துக் கராஜ்காரர்கள் கைதட்டினார்கள். வாகனத் திருத்தகத்தில் வேலை செய்யும் யோகலிங்கம் அதைப் படம்பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான். வாகனப் பரிசோதனைக்கு நாள் குறித்து டெர்மின் எடுப்பது மட்டும்தான் மிச்சம். சித்திரையில் கேட்டபோது பிரேக்கில் ஏதோ குறை என்றார். வைகாசியில் எண்ணெய் கசிகிறது என்றார்.

ஒருநாள் கொறற்றிக்கு வேலை நேரத்தோடு முடிந்தது. நேரே கராஜுக்குப் போனாள். எஞ்சின் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது. சில்லுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவள் தைத்த உறைகளைக்கூடக் கழற்றி ஒரு பையில் மடித்து வைத்திருந்தார். அவர் நடுவில் ஒரு பெட்டியின்மேல் இருந்து, ஏற்கெனவே துடைத்த ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பிழை வந்தது?"

"ஒரு பிழையுமில்லை."

"அப்ப ஏன் கழட்டினனீங்கள்?"

அவர் நட்டை இன்னொருமுறை துடைத்தார். பிறகு அதைப் பார்த்தபடியே சொன்னார்: "இது ரோட்டில போயிட்டுதெண்டா, காலமை எழும்பி நான் எங்க போறது, கொறற்றி?"

  கொறற்றி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள்.

டுசல்டோர்ஃபில் வேலை செய்யும் மகள் யூலியாதான் வைத்தியரைப் பிடித்து, அலைந்து திரிந்து, மலைப்பக்கத்து மனநல மருத்துவமனை ஒன்றில் இடம் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து கிழமை. அவர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் கொறற்றியைப் பயப்படுத்தியது.

அவர் போன மறுநாள் யோகலிங்கம் வந்து நின்றான். "அக்கா, நான் எல்லாத்தையும் திரும்பப் பூட்டித் தாறன். அண்ணை திரும்பி வந்து பாத்தாரெண்டா மனம் தெளிஞ்சிடும்." அவளுக்கும் அது சரியாகவே பட்டது. வேலை முடிந்து வந்து விளக்குப் பிடித்தாள், சாமான் எடுத்துக் கொடுத்தாள், உறைகளைத் திரும்பவும் மாட்டினாள். பரிசோதனையில் காருக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. "ஆர் கட்டினது?" என்று பரிசோதகர் கேட்டபோது, "என்ர மனிசன்" என்றாள்.

அவர் திரும்பும் நாளில் அவளே காரை ஓட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். பையோடு வெளியே வந்தவர் காரைக் கண்டதும் நின்றுவிட்டார். ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார்.

"நல்லாப் பூட்டியிருக்கிறான்" என்றார்.

"நீங்கள் ஓட்டுங்கோவன்."

"வேண்டாம். நீர் ஓட்டும்."

வழியில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொடியன் கையசைத்தான். அவர் கையை மடியில் வைத்தபடி, வாடகைக் காரில் போகும் பயணியைப்போல இருந்தார்.

மறுநாள் காலை அவர் எழும்பவில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டாள். அடுத்த நாளும் எழும்பவில்லை. வேலை உடுப்பு கொளுவியிலேயே தொங்கியது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார், மருந்தைக் கொடுத்தால் போட்டார், பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். அவர் மருத்துவமனைக்குப் போகும்போது அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே வேலையைத் தானும் யோகலிங்கமுமாகச் சேர்ந்து பூட்டி முடித்துவிட்டோம் என்பது கொறற்றிக்குப் புரிய ஒரு கிழமை எடுத்தது. மருத்துவமனையில் சொன்ன தொடர்சிகிச்சைக்கு மார்கழிக்கு முன்னர் டெர்மின் கிடைக்கவில்லை. அப்போது ஆவணிதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டு நின்றவள் கட்டிலடிக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, எஞ்சினில ஏதோ சத்தம் கேக்குதாம். யோகலிங்கம் சொன்னவன். ஒருக்காக் கழட்டிப் பாக்க வேணுமாம்."

அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

"அதில ஒரு சத்தமும் இல்லை" என்றார். குரலில் கோபமில்லை. "உமக்குப் பொய் சொல்ல வராது. போம், பஸ் போயிடும்."

அவள் போகவில்லை. இல்லத்துக்கு ஃபோன் எடுத்து, இன்றைக்கு வர ஏலாது என்றாள். காரணம் கேட்டபோது சுகமில்லை என்றாள். ஆருக்கென்று சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் வந்து இருந்தாள். கீழே முற்றத்தில் யாரோ கராஜ் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.