காணாமல் போன மலையாள வரிகள்

முப்பத்தெட்டு வயதில் மறுபடி கம்ப்யூட்டர் கோடு எழுத உட்கார்ந்தபோது, பல பேர் எழுதுவதை ஒன்றுசேர்த்து, பழைய வடிவங்களையும் பத்திரமாக வைத்திருக்கும் கிட் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. மகளைப் பெற்று வீட்டோடு இருந்த வருடங்களில் எல்லாரும் அதற்கு மாறியிருந்தார்கள். நான் மட்டும் 'கடைசி', 'கடைசி புதுசு' என்று ஃபோல்டர் ஃபோல்டராக நகல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏலக்காய் உலர்த்தும் அறையில் சூடு ஏறினால் செல்போனில் எச்சரிக்கை அனுப்பும் ஒரு சின்ன ஆப். நான் போடியில் வீட்டிலிருந்து எழுதினேன். என்னோடு எழுதிய இன்னொருத்தி மலைமேல் எஸ்டேட் குடியிருப்பில் இருந்தாள். போனில் மட்டுமே பழக்கம்.

"தனியா பிராஞ்ச் பிரிச்சு எழுதுங்கக்கா. மெயின்ல நேரா கை வைக்காதீங்க" என்று பலமுறை சொல்லியிருந்தாள். மெயின் என்பது இருவருக்கும் பொதுவான பிரதி, பிராஞ்ச் என்பது அதிலிருந்து தனியாகப் பிரித்து எழுதிப் பார்க்கும் கிளை. சரி சரி என்பேன். சமையல், பள்ளிக்கூடம், படுக்கையில் கிடந்த மாமனார் என்று நாள் ஓடியதில் புதிதாக ஒன்றைப் படிக்கத் தெம்பில்லை.

ஒரு மதியம், எழுதியதை மெயினுக்கு அனுப்பப் போனால் கிட் ஏற்கவில்லை. அவள் அனுப்பியிருந்ததை இறக்கி முதலில் சேர்க்கச் சொன்னது. சேர்த்தால், ஒரே வரிகளை இரண்டு பேரும் மாற்றியிருக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்ள என்று திரை முழுக்கக் கேள்வி. உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். ஒன்றையும் படிக்காமல், எல்லா இடத்திலும் என்னுடையதையே வைக்கச் சொல்லி மெயினில் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. "பிள்ளைக்கு ஊசி போட போடிக்கு வந்தேன். உங்க வீடு எங்கக்கா?"

கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்: "நான் எழுதின மலையாளம் ஒண்ணையும் காணோம்."

மேலே எஸ்டேட்டில் வேலை செய்கிற மலையாளிகளுக்காக எல்லா எச்சரிக்கையையும் மூன்று நாள் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதியிருக்கிறாள்.

"நல்லாத் திட்டிரு" என்றேன்.

"அதுக்கும் தெம்பு வேணும்லக்கா."

பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நாங்கள் சேமித்த ஒவ்வொரு கமிட்டும் வரிசையாக வந்தது. அவளுடைய வேலை அழியவில்லை. அதற்குப் பின்னால் வந்த என் வேலை அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான். அவளுடைய கடைசி கமிட்டிலிருந்து ஒரு பிராஞ்ச் பிரித்தாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"என்னோட வரியும் வேணும், உங்களோடதும் வேணும். ஒண்ணொண்ணா படிச்சுச் சேருங்க."

அவள் மலையாளத்தை வாசித்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு இடமாகச் சேர்த்தேன். பாதியில் சத்தம் நின்றது. பிள்ளையை அணைத்தபடி சேரிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்ச மலையாளத்தை வைத்து மீதியை எழுத்துக்கூட்டி நானே முடித்தேன். மெயினில் சேர்க்காமல் அவள் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைத்தேன்.

கண் விழித்துப் பார்த்தவள் இரண்டு இடத்தைத் திருத்தினாள். "இனி சேர்க்கலாம்க்கா."

சாப்பிடக்கூட நிற்கவில்லை. "மத்தியான ஜீப்பு போயிரும், வெரசா போகணும்" என்று செருப்பை மாட்டினாள். வாசலில் திரும்பி, "அடுத்த தடவை குழப்பமா இருந்தா ஒரு போன் அடிங்க. நான் எந்தச் சோலியில கிடந்தாலும் எடுப்பேன்" என்றாள்.