ஏழு எழுத்து தள்ளிப் போட்ட பூட்டு

கம்ப்யூட்டர் மொழியோடவே ரகசிய எழுத்துக்கான பூட்டும் சேர்ந்து வரணுமா, வேண்டியவர்கள் தனியாகத் தேடிக்கொள்ளட்டுமா என்று இளசுகள் வாதாடும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. வரணும்லா! இல்லாவிட்டால் என்னைப் போன்ற அரைகுறைகள் சொந்தமாகப் பூட்டு செய்யக் கிளம்பிவிடும்.

எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒரு தோட்டக் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுத்தை மறைக்க ஒரு வசதியும் கிடையாது. தோட்டத்துக் காசநோய்ப் பட்டியலை அதில் ஏற்றச் சொன்னார்கள். பட்டியலில் என் அக்காவும் இருந்தாள். மருந்து எடுக்க ஆரம்பித்து மாசக்கணக்காச்சு, இனி யாருக்கும் ஒட்டாது என்று மருந்து கொடுக்கும் டிரெசரே சொன்னார். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் யார் நம்புவார்கள்? தெரிந்தால் ஒருத்தரும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார்கள்.

பயத்தில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் பதிலாக ஏழு தள்ளி வரும் எழுத்து. அச்சில் கன்னாபின்னாவென்று வந்தது. அடேயப்பா, எனக்கு இருந்த பெருமை! பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் முஸ்லிம் அக்காவிடம், லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், "யாராலும் படிக்க முடியாது" என்று தாளை நானே நீட்டினேன். கொழுப்பு, வேறென்ன!

லாத்தா சாப்பாட்டுக் கடைக்காரர் மகள். தேத்தண்ணி ஆறுவதற்குள் பென்சிலை எடுத்துவிட்டார். "ஏம்மா, எல்லா வரியிலயும் ஒரு சாய்கோடு நிக்குதே. நம்ம ஐசி அடையாளக் கார்டுல பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல், ஏ/பி-ன்னு மகன் மகள் போடுவாங்களே, அதுதானே? இந்த ரெண்டு எழுத்து தெரிஞ்சா மத்ததெல்லாம் வந்திடும்லா."

பென்சில் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. என் அப்பா பெயர் அவருக்குத் தெரியும். அது அக்காவின் வரி.

லாத்தா தாளைச் சுக்குநூறாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "பேரே வேணாம், நம்பர் போடு. பேரு டிரெசர் நோட்டுலயே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன்.

அடுத்த ஞாயிறு, சுங்கை செம்பிலாங் குப்பத்தில் வாங்கிய மீனோடு எங்கள் லயத்துக்கு வந்து நின்றார். அதுவரை வந்ததே இல்லை. ஊரே பார்க்க வாசலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்து மீன் ஆய்ந்தார். அக்கா வைத்த குழம்பை அங்கேயே சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்று அக்காவிடம் தட்டை நீட்டினார். நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன்.